கிழக்குக் கடல் மூடிய பிறகு மார்ச் வரை தூண்டில்காரர்கள் என்ன செய்கிறீர்கள்?

செந்தூல்வாசி (கோலாலம்பூர்)

அனைவருக்கும் வணக்கம். நானும் என் நண்பர்கள் மூவரும் பல ஆண்டுகளாகப் பகாங் கடற்கரையில் உள்ள கோலா ரொம்பினுக்கு மயில்மீன் பிடிக்கப் போய்வருகிறோம். இங்கே எல்லாரும் லயாரான் என்று அழைக்கும் அந்த மீனைப் படகருகே கொண்டுவந்து, தூண்டில் முள்ளைக் கழற்றி, அது தெம்பு பெறும்வரை நீருக்குள் பிடித்திருந்து விட்டுவிடுவதுதான் அங்குள்ள வழக்கம் என்பதால், வீட்டுக்கு மீன் கொண்டுவரும் பயணமாக அது எங்களுக்கு எப்போதுமே இருந்ததில்லை. முதல் நாள் இரவு நால்வரும் உட்கார்ந்து லீடர் (முள்ளை ஒட்டி வரும் தடித்த நரம்புத் துண்டு) கட்டுவதும், இருட்டு விலகுமுன் முவாட்சாம் ஷா சாலையில் பேசிக்கொண்டே போவதும், தொலைவில் பறவைக் கூட்டத்தைக் கண்டு படகோட்டி எஞ்சினைத் திருப்பும் அந்தக் கணமும்தான் எங்களை இழுத்துச் செல்பவை.

நவம்பரில் வடகிழக்குப் பருவக்காற்று தொடங்கியதும் இவை அனைத்தும் ஒரே வாரத்தில் நின்றுவிடுகின்றன. படகுகள் கரையேறிவிடும். தியோமான், ரெடாங், பெர்ஹெந்தியான் தீவுகளில் பெரும்பாலான விடுதிகள் பூட்டப்படும். அதன்பின் மார்ச் வரை எங்கள் குழு மெல்லக் கலைகிறது. ஒருவர் பூப்பந்துக்குப் போகிறார், இன்னொருவர் வார இறுதியில் கூடுதல் வேலையை ஏற்றுக்கொள்கிறார். மீண்டும் அழைக்கும்போது நால்வருக்கும் நாள் ஒத்துவர மே மாதம் ஆகிவிடுகிறது. முன்பு எங்களோடு வந்த ஐந்தாமவர் இப்படித்தான் விலகிப் போய், கடைசியில் தம் தூண்டிற்கோல்களையும் விற்றுவிட்டார். மற்றவர்களும் அப்படிப் போய்விடுவார்களோ என்பதே என் உண்மையான கவலை.

பருவம் முடிந்த காலத்தைக் கழிப்பது பற்றித் தேடினால், ஏரி உறையும் நாடுகளில் வாழ்பவர்கள் எழுதியவைதாம் பெரும்பாலும் கிடைக்கின்றன. நம் நாட்டில் இருப்பவர்கள் என்ன செய்கிறீர்கள்? இந்த மாதங்களில் மேற்குக் கரைக்கு வருவது பயன் தருமா? எங்களில் ஒருவர், மழை விட்ட இடைவெளியில் குவாந்தான் பக்கம் போய் அலைத்தடுப்புக் கற்களில் நின்று வீசலாம் என்று வற்புறுத்துகிறார். அது சரியான யோசனைதானா?

பத்து மாவுங் தூண்டில் (பினாங்கு)

செந்தூல் நண்பருக்கு வணக்கம். உங்களுக்குக் கடல் மூடும் மாதங்களில்தான் எங்களுக்கு நல்ல கடல் அமைகிறது. தென்சீனக் கடலைக் கடந்து வரும் வடகிழக்குக் காற்று கிளந்தான், திரெங்கானு, பகாங், கிழக்கு ஜொகூர் ஆகியவற்றில் மழையைக் கொட்டிவிட்டுத் தீத்திவங்சா மலைத்தொடரில் மோதுகிறது; மலைக்கு இப்பால் இருக்கும் எங்களிடம் வந்து சேரும்போது அதன் ஈரமும் வேகமும் வெகுவாகக் குறைந்திருக்கும். பினாங்கில் மழை மிகுந்த மாதங்கள் செப்டம்பரும் அக்டோபரும். ஜனவரியும் பிப்ரவரியும் ஆண்டிலேயே வறண்டவை. நாங்கள் அஞ்சுவது, தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் சுமத்ராப் பக்கமிருந்து விடியற்காலையில் சட்டென்று எழும் சூறைக்காற்றுக்குத்தான். ஆகவே ஒரே நாட்டுக்குள், மலைக்கு அந்தப் பக்கம் பருவம் முடிந்தால் இந்தப் பக்கம் பருவம் தொடங்குகிறது என்று கொள்ளலாம்.

ஆனால் ரொம்பினை இங்கே தேடி வராதீர்கள். நீங்கள் தெளிந்த நீரில், மீன் பாய்வதைக் கண்ணால் கண்டு பிடித்துப் பழகியவர்கள். பினாங்கு நீரிணையின் நீர் கலங்கல். அதில் மணமும் அசைவுமே மீனை இரைக்கு அழைத்து வரும் என்பதால், உயிருள்ள இறாலும் சேற்றுப் புழுவும் இங்கே முதன்மையான இரைகள். கிடைக்கும் மீன்களும் வேறு: கொடுவா, களவா, ஜெனாஹாக், செனாங்கின் எனப்படும் காலா, இவற்றோடு கெளுத்தியும் திருக்கையும். ஜிக் எனப்படும் உலோகப் போலி இரையை இறக்கி ஏற்றிக்கொண்டிருப்பதை விட்டு, ஈயக்குண்டை அடியில் நிறுத்தி, தூண்டில் நரம்பில் விரலை வைத்துக் காத்திருக்கும் பொறுமை வேண்டும்.

நீரோட்டத்தைக் கணக்கிடுவதில்தான் கோலாலம்பூரிலிருந்து வருபவர்கள் பெரும்பாலும் தடுமாறுகிறார்கள். சனிக்கிழமை விடுப்பு இருக்கிறது என்பதற்காகப் படகு பேசக் கூடாது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையிலான வேறுபாடு மிகுந்து, தீவுக்கும் பெருநிலத்துக்கும் நடுவில் உள்ள ஒடுங்கிய நீரிணையில் ஓட்டம் கடுமையாகிவிடும். எவ்வளவு கனமான ஈயம் கட்டினாலும் அடியில் நிற்காது. அஷ்டமிக்குப் பிறகு ஓரிரு நாளில் ஓட்டம் மிகவும் தளர்கிறது. ஆகையால் வீட்டில் நல்ல காரியம் எதையும் தொடங்காத அஷ்டமி, நவமியைத்தான் எங்களில் சிலர் நாட்காட்டியில் முதலில் தேடுகிறோம். அதோடு அன்றைய நீர் ஏற்ற அட்டவணையையும் பார்த்து, ஏற்றம் முடிந்து வற்றம் தொடங்கும் நேரத்தில் தூண்டில் நீரில் இருக்கும்படி புறப்படுவோம்.

இடத்தைப் பொறுத்தவரை, பத்து மாவுங்கிலிருந்து படகு எடுத்தால் ரீமாவ் தீவையும் கெண்டி தீவையும் சுற்றியுள்ள பாறைப் பகுதிகளுக்குப் போகலாம். ரீமாவில் 1885ஆம் ஆண்டின் கலங்கரை விளக்கம் ஒன்று இருக்கிறது. அதன் அருகே விடியும் பொழுதில் படகு நிற்கும் காட்சிக்காகவே நான் வருபவர்களை அங்கே அழைத்துச் செல்வேன். ஆனால் முதல்முறை வரும் நால்வருக்கு நான் அமான் தீவைப் பரிந்துரைக்கிறேன். அது பெருநிலக் கரையை ஒட்டி, பத்து மூசாங் படகுத்துறையிலிருந்து சிறிது நேரத்தில் சென்றடையும் தொலைவில் இருக்கிறது. நீங்கள் ஈடிஎஸ் எனப்படும் விரைவு மின்ரயிலில் ஏறினால் ஏறத்தாழ நான்கு மணி நேரத்தில் பட்டர்வொர்த் வந்துவிடலாம். பினாங்குப் பாலத்தைக் கடக்க வேண்டிய தேவையே இல்லை. ரொம்பின் சாலையில் பேசிக்கொண்டு போவது போலவே ரயிலிலும் பேசிக்கொண்டு வரலாம். தீவில் இறால் மீ (நூடுல்ஸ்) நன்றாக இருக்கும் என்பதால், மீன் கடிக்காத நாளிலும் யாரும் மனம் வெறுத்துத் திரும்புவதில்லை.

படகு பேசும்போது ஆளுக்கொரு உயிர்காப்பு அங்கி இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள், வாடகையை அதன்பின் பேசுங்கள். மேற்குக் கரை என்பதால் காற்றே இருக்காது என்று எண்ணிவிட வேண்டாம். ஜனவரியில் சில காலைகளில் பெருநிலப் பக்கமிருந்து வீசும் காற்றில் நீரிணை முழுவதும் சிற்றலையாகிவிடும்.

பாயா தெருபோங்

அலைத்தடுப்புக் கற்களைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், ஏனெனில் நான் குவாந்தானில் வேலை செய்தபோது அந்தக் கற்களை எல்லாப் பருவத்திலும் பார்த்திருக்கிறேன். போக வேண்டாம். மலேசிய வானிலை ஆய்வுத் துறை விடும் முதல்நிலை எச்சரிக்கைக்கே காற்று மணிக்கு 40 முதல் 50 கிலோமீட்டர் வேகத்திலும் அலை 3.5 மீட்டர் உயரம் வரையிலும் இருக்கும் என்பது பொருள். எச்சரிக்கை இல்லாத நாளிலும் பருவக்காற்றுக் கால அலைகள் ஒரே அளவில் வருவதில்லை. சிறியவை பல வந்து மனத்தில் நம்பிக்கையை ஏற்படுத்தியபின், உயர்ந்தவை சில அடுத்தடுத்து வரும். கால் வைக்கும் கல்லில் பாசி படர்ந்திருக்கும். விழுந்தவரை அலை மீண்டும் மீண்டும் அதே கற்களில் மோதும் என்பதால், நன்றாக நீந்தத் தெரிந்தவராலும் ஏறிவர முடியாது, காப்பாற்ற இறங்குபவராலும் முடியாது. உங்கள் நண்பரிடம் இதைக் கடுமையாகவே சொல்லுங்கள்.

ஆயர் ஈத்தாம்

குளிர்நாட்டவர்கள் எழுதியவை நமக்குப் பொருந்துமா என்ற ஐயம் உங்கள் கேள்வியில் தெரிகிறது. வேலை நிமித்தமாக ஸ்காட்லாந்தின் பெர்த் நகரில் சில ஆண்டுகள் வாழ்ந்துவிட்டுப் பினாங்குக்குத் திரும்பியவன் என்ற முறையில், பொருந்துவது எது, பொருந்தாதது எது என்று சொல்கிறேன்.

பெர்த் நகரின் நடுவே டே ஆறு ஓடுகிறது. அது சால்மன் மீனுக்குப் பெயர் பெற்றது. அங்கே பருவத்தை முடித்துவைப்பது காற்றோ பனியோ அன்று, சட்டம். அக்டோபர் 15 அன்று சால்மன் பருவம் முடிகிறது, ஜனவரி 15 அன்று மீண்டும் தொடங்குகிறது. டிரௌட் மீனுக்கு அக்டோபர் 7 முதல் மார்ச் 14 வரை தடை. அந்தக் குளிர்காலத்தில்தான் சால்மன்கள் ஆற்றின் மேற்பகுதிக்கு ஏறி, கூழாங்கல்லில் குழி பறித்து முட்டையிடுகின்றன. ஆறு அப்போது மீனுக்கு உரியது என்பதில் அங்குள்ள தூண்டில்காரர்களுக்கு மாற்றுக் கருத்து இல்லாததால், 'இன்றாவது போகலாமா' என்று யாரும் மனத்தை அலைக்கழித்துக்கொள்வதில்லை. நமக்கோ நாளும் வானத்தைப் பார்த்து நம்பி ஏமாறும் நிலை; மனச்சோர்வு பெரும்பாலும் அதிலிருந்தே வருகிறது என்று நினைக்கிறேன். மார்ச் வரை கிழக்குக் கரை இல்லை என்று நால்வரும் சேர்ந்து ஒருமுறை முடிவெடுத்துவிட்டால் பாதிப் பாரம் இறங்கிவிடும்.

உறைந்த ஏரியில் துளையிட்டு மீன் பிடிப்பது பின்லாந்து, கனடா போன்ற நாடுகளின் வழக்கம். நீர் 4 பாகை செல்சியஸில்தான் மிக அதிகக் கனம் கொண்டிருக்கும் என்பதால், மேலே பனிக்கட்டி மூடியிருந்தாலும் அடியில் அந்த வெப்பநிலையிலேயே நீர் தங்கி, மீன்கள் உயிர்வாழ்கின்றன. இதில் நமக்கு எடுத்துக்கொள்ள ஒன்றும் இல்லை.

எடுத்துக்கொள்ள வேண்டியது அவர்களுடைய மாலை நேரக் கூட்டங்களை. குளிர்காலத்தில் வாரம் ஒரு மாலை, சங்கக் கூடத்தில் கூடி ஈத்தூண்டில் கட்டுவார்கள். மயில் இறகின் நார்களையும் ஃபெசன்ட் பறவையின் வால் இறகையும் முள்ளில் சுற்றி, பூச்சி போன்ற உருவங்களைச் செய்வார்கள். எழுபது வயதுக்காரர் பதினைந்து வயதுப் பையனுக்கு நூலை இழுக்கும் அளவைக் கற்றுக்கொடுப்பார். அந்த மேசைகளில்தான் ஜார்ஜினா பேலன்டைன் கதையை நான் முதலில் கேட்டேன். 1922 அக்டோபர் 7 அன்று, தந்தை படகு செலுத்த, டே ஆற்றில் அந்தப் பெண்மணி பிடித்த 64 பவுண்டு சால்மன், அதாவது ஏறத்தாழ 29 கிலோ எடையுள்ள மீன், பிரிட்டனில் தூண்டிலில் பிடிபட்ட மிகப் பெரிய சால்மனாக இன்றும் பதிவில் இருக்கிறது. ஒரு நூற்றாண்டு கடந்தும் ஒவ்வொரு குளிர்காலத்திலும் அதைப் புதிதாகச் சொல்கிறார்கள், கேட்கிறார்கள். ஜனவரி 15 வந்ததும் கென்மோர் என்ற ஊரில் பைக்குழல் இசையோடு ஆற்றங்கரைக்கு ஊர்வலமாகப் போய், முதல் படகின் முகப்பில் விஸ்கி ஊற்றிப் பருவத்தைத் திறக்கிறார்கள். அந்தக் குளிரில் பெரும்பாலானோருக்கு அன்று ஒரு மீனும் கிடைக்காது. இருந்தும் எல்லாரும் வருகிறார்கள்.

நாங்கள் இங்கே இரு வாரங்களுக்கு ஒருமுறை, வியாழன் மாலையில், நண்பர் ஒருவர் வீட்டு முன்கூடத்தில் கூடுகிறோம். பின்னல் நரம்பான பிரெய்டையும் லீடரையும் இணைக்கும் எஃப்ஜி முடிச்சைப் படகு ஆடும்போதும் காற்று வீசும்போதும் போட முடிய வேண்டும் என்றால், வீட்டில் கை தானாகச் செய்யும் வரை போட்டுப் பார்க்க வேண்டும். போட்ட முடிச்சைத் தராசில் மாட்டி இழுத்து, எந்த எடையில் அறுகிறது என்று குறித்து வைக்கிறோம். உங்கள் குழு கலையாமல் இருக்க, கிழமையும் இடமும் மாறாத ஒரு மாலை போதும். ஒவ்வொரு முறையும் நாள் பேசித்தான் கூட வேண்டும் என்றால் அது நடக்கவே நடக்காது.

நிபோங் தெபால் ஆற்றோரம்

ஆயர் ஈத்தாம் ஐயா சொன்ன மாலைக் கூட்டத்தில் என்ன செய்யலாம் என்பதற்கு ஒன்றைச் சேர்க்கிறேன். நான் ஒவ்வோர் ஆண்டும் தைப்பூசத்துக்காக விரதம் இருப்பவன். தண்ணீர்மலைக்குக் காவடி எடுத்து இறங்கும் வரை தூண்டிலைத் தொடுவதில்லை. கடிக்கும் மீனைக் கொல்லும் வேலை விரதத்துக்கு ஒவ்வாது என்பது என் வீட்டு வழக்கம். அந்த நாள்களில்தான் நரம்பு சுற்றும் ரீல்களைப் பிரிப்பேன்.

கிழக்குக் கரையில் பல மாதம் உழைத்த ரீலைத் துடைத்து அலமாரியில் வைப்பது போதாது. உப்பு உள்ளே படிந்து, மார்ச்சில் முதல் மீன் இழுக்கும்போதுதான் தன் வேலையைக் காட்டும். கழுவும்போது டிராக்கை (மீன் இழுக்கையில் நரம்பு எவ்வளவு எளிதில் வெளியேறும் என்பதைக் கட்டுப்படுத்தும் அமைப்பை) இறுக்கிவிட்டு மெல்லிய நீரைத் தெளிக்க வேண்டும், பீய்ச்சி அடிக்கக் கூடாது. அழுத்தமான நீர் உப்பை வெளியேற்றுவதற்குப் பதிலாக பேரிங்குகளுக்குள் தள்ளிவிடும். காய்ந்தபின் டிராக்கை முழுவதும் தளர்த்தி வையுங்கள், ஏனெனில் பல மாதம் இறுகியே இருந்தால் உள்ளே உள்ள வட்டுகள் நசுங்கி, நரம்பைச் சீராக விடாமல் தடுக்கித் தடுக்கி விடும். நரம்பு உருண்டு செல்லும் சிறு உருளையின் பேரிங்தான் பெரும்பாலும் முதலில் இறுகும். அதை விரலால் சுழற்றிப் பாருங்கள். பற்சக்கரங்களுக்குக் கிரீஸ், பேரிங்குகளுக்கு எண்ணெய். இரண்டையும் மாற்றிப் போட்டால் ரீல் கனத்துப் போகும்.

பிரெய்டு நரம்பின் வெளிப்பகுதிதான் வெயிலிலும் உரசலிலும் தேய்கிறது. அதை முழுவதும் வேறொரு ரீலுக்கு மாற்றி, மறுமுனையிலிருந்து மீண்டும் சுற்றினால், இதுவரை நீரைப் பார்க்காத பகுதி வெளியே வந்துவிடும். புதிது வாங்கும் செலவு ஒரு பருவத்துக்குத் தள்ளிப்போகும். கோலின் வளையங்களுக்குள் சிறிது பஞ்சை இழுத்துப் பாருங்கள். பஞ்சு சிக்கும் இடத்தில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கிறது, அந்த விரிசல்தான் நல்ல நரம்பையும் அறுக்கும். நம் ஊர்க் காற்றின் ஈரத்தில் மூடிய பெட்டிக்குள் முட்கள் துருப்பிடிக்கும் என்பதால், ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களைப் போட்டு, அவற்றையும் அவ்வப்போது மாற்ற வேண்டும்.

பூசம் முடிந்ததும் நான் கிரியான் ஆற்றுக்குப் போய்விடுவேன். மழைக்குப் பிறகு நீர் தணிந்து தெளியும் அந்த வாரங்களில் ஊடாங் காலா என்ற ஆற்று இறால் நன்றாகக் கிடைக்கும். சிறு முள், ஒரு துண்டு மண்புழு, மெல்லிய கோல் ஆகியவையே போதும். இறால் இரையைக் கவ்வி மெல்ல நகர்த்திக்கொண்டு போகும். அவசரப்பட்டுச் சுண்டினால் விட்டுவிடும், அது உட்கார்ந்து தின்னும் வரை காத்திருந்து சீராக இழுக்க வேண்டும். வயிற்றடியில் முட்டையோடு வரும் பெண் இறாலைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அது நன்னீரில் வளர்ந்தாலும், குஞ்சுகள் பிழைக்க முகத்துவாரத்தின் உவர்நீர் வேண்டும் என்பதால் கீழ்நோக்கி இறங்கிக்கொண்டிருக்கும் தாய் அது. அதைக் கறிக்கு எடுத்துக்கொண்டு, ஆற்றில் இறால் குறைந்துவிட்டது என்று பிறகு வருந்துவதை என்னால் ஏற்க முடியவில்லை.

கட்டணக் குளங்களைப் பற்றிப் பலரும் சொல்வார்கள். பாத்தின், ரோகு ஆகிய வளர்ப்பு மீன்கள் இழுக்கும் இழுப்பில் கை பழக்கம் மறக்காமல் இருக்கும், அவ்வளவே. ஆனால் வீட்டிலிருந்து அரை மணி நேரத்தில் போய்வரலாம் என்பதால், பிள்ளைகளை அழைத்துச் செல்ல அதைவிட ஏற்ற இடம் இல்லை.

செந்தூல்வாசி (கோலாலம்பூர்)

இவ்வளவு பொறுமையாக எழுதிய அனைவருக்கும் நன்றி. பாயா தெருபோங் அன்பர் எழுதியதை அப்படியே நண்பருக்கு அனுப்பினேன். அவர் குவாந்தான் யோசனையைக் கைவிட்டுவிட்டார். அடுத்த வாரம் முதல் செவ்வாய் மாலைகளில் என் வீட்டில் கூடுவதாக நால்வரும் முடிவு செய்திருக்கிறோம். முதல் மாலையில் ரீல்களைப் பிரிக்கப் போகிறோம். விலகிப் போனவரையும் அழைத்தேன். அவரிடம் இப்போது ரீல் இல்லை, ஆனாலும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

பத்து மாவுங் அண்ணனிடம் ஒன்று கேட்க வேண்டும். ஜனவரியில் அஷ்டமியை அடுத்த சனிக்கிழமையில் அமான் தீவுக்கு வர எண்ணுகிறோம். எங்களிடம் இருப்பவை எல்லாம் மயில்மீனுக்கு வாங்கிய கோல்களும் ரீல்களும்தான். அவற்றையே கொண்டுவரலாமா?

பத்து மாவுங் தூண்டில் (பினாங்கு)

ரீல் அதுவே போதும், கோல் மட்டும் மாற வேண்டும். உயிருள்ள மீனை இரையாக விட்டு மயில்மீனுக்குக் காத்திருக்கும் கோலின் நுனி, கலங்கல் நீரில் காலாவோ கெளுத்தியோ இரையை முகர்ந்து பார்க்கும் சிறு அசைவைக் கைக்குக் கொண்டுவராது. நுனி மெல்லியதாக, ஆறடி முதல் ஏழடி நீளத்தில் உள்ள கோலாகப் பாருங்கள். புதிது வாங்க வேண்டாம், எங்களிடம் கூடுதலாக இருக்கின்றன. வளைய முள்ளை நீங்கள் ஏற்கெனவே பயன்படுத்துவீர்கள். அதில் சிறிய அளவைக் கொண்டுவாருங்கள். ஈயக்குண்டுகளை இங்கே வாங்கிக்கொள்ளலாம், ரயிலில் சுமக்க வேண்டாம். உயிர் இறாலுக்கு முந்தைய நாளே சொல்லி வைக்க வேண்டும் என்பதால், வியாழக்கிழமைக்குள் எத்தனை பேர் என்று உறுதி செய்யுங்கள். ரீல் இல்லாத அந்த நண்பரையும் கணக்கில் சேர்த்தே சொல்லுங்கள், அவருக்கும் ஒரு கோல் எடுத்து வைக்கிறேன்.